புருவத்துக்கு ஏன் லேசர் போடுவதில்லை?

வணக்கம்.

மூன்று வாரத்துக்கு ஒருமுறை எங்கள் பார்லருக்கு வந்து, தலையைச் சாய்த்து உட்கார்ந்து, தோலை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வழிய த்ரெட்டிங் செய்துகொள்கிற நீங்கள் பலரும் கேட்டுவிட்டீர்கள், கை காலுக்கெல்லாம் முடி நீக்க லேசர் இருக்கும்போது இந்தக் கூட்டுப் புருவத்துக்கும் ஒரேயடியாகப் போட்டுவிடக் கூடாதா என்று. நியாயமான கேள்விதான். ஆனால் எவ்வளவு கேட்டாலும் நாங்கள் போட மாட்டோம்.

காரணம் கண். லேசர் ஒளி முடியிலுள்ள மெலனின் என்ற நிறமியில் பட்டுச் சூடாகி வேரைச் சுடுகிறது, அதே நிறமி கண்ணுக்குள், கண்ணுக்கு நிறம் தரும் வளையமான ஐரிஸிலும் விழித்திரைக்குப் பின்னாலும் இருக்கிறது. இமையை மூடிக்கொள்கிறேன் என்பீர்கள். இமைத்தோல் மிக மெல்லியது, ஒளி அதைத் தாண்டிப் போகும், போதாக்குறைக்குக் கண்ணை இறுக்கி மூடினால் விழி மேல்நோக்கி, புருவத்தின் பக்கமாகவே உருளும். புருவ லேசருக்குப் பிறகு ஐரிஸ் சேதமாகி, அதன் நடுவிலுள்ள கண்மணி கோணலானதும், கண்ணில் புரை விழுந்ததும் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. இரண்டு புருவத்துக்கும் நடுவில் மட்டும் என்றால் கண்ணுக்குக் கவசம் வைத்துத் தோல் மருத்துவர் செய்வதுண்டு, அது அவர்கள் வேலை. அப்புறம், லேசருக்கு ‘நிரந்தரக் குறைப்பு’ என்று விளம்பரம் செய்யத்தான் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அனுமதிக்கிறது, ‘நிரந்தர நீக்கம்’ என்று சொல்ல விடுவதில்லை.

சரி, வேறு வழி? எலக்ட்ரோலிசிஸ். 1875இல் சார்லஸ் மிஷெல் என்ற அமெரிக்கக் கண் மருத்துவர், உள்நோக்கி வளர்ந்து கண்ணைக் குத்தும் இமைமுடிகளை எடுப்பதற்காக எழுதி வெளியிட்ட முறை இது. மயிரிழை போன்ற ஊசியை முடி முளைக்கும் குழிக்குள் இறக்கி, கொஞ்சம் மின்சாரம் செலுத்தி, அந்த ஒரு வேரை மட்டும் அழிப்போம். நிறம் பார்க்காது, நரைமுடியும் போகும். ஆனால் ஒவ்வொரு முடியாகத்தான் எடுக்க வேண்டும், வேர்கள் எல்லாம் ஒரே நேரத்தில் வளர்ச்சியில் இருப்பதில்லை என்பதால் பல மாதம் திரும்பத் திரும்ப வர வேண்டியிருக்கும், ஒரே நாளில் முடியும் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

புருவத்தின் வளைவை மட்டும் நிரந்தரமாக மெலிதாக்கக் கேட்காதீர்கள். 1990களில் கோடு மாதிரி புருவம்தான் அழகு, இன்று அடர்த்தியானது. திரும்ப வராத ஒன்றை இந்த வருஷத்து நாகரிகத்துக்காக அழிக்க எங்களுக்கு மனசு வரவில்லை. நடுவில் சேர்ந்த முடி, புருவத்திலிருந்து வெகுவாக விலகி முளைத்த முடி, இவற்றை மட்டும் எடுக்கிறோம்.

வருவதற்குச் சில வாரம் முன்பே த்ரெட்டிங்கையும் பிடுங்குவதையும் நிறுத்துங்கள், முடி வெளியே தெரிந்தால்தான் ஊசிக்கு வழி தெரியும். பார்க்கச் சகிக்கவில்லையென்றால் சின்னக் கத்தரியால் நறுக்கிக்கொள்ளலாம். பேஸ்மேக்கர் வைத்திருந்தால் இதைச் செய்ய மாட்டோம். தாடையிலும் முடி திடீரென்று முளைத்து மாதவிலக்கும் தள்ளிப் போகிறதென்றால், பார்லருக்கு வருவதற்கு முன்னால் மகளிர் மருத்துவரைப் பாருங்கள், ஹார்மோன் சரியாகாமல் நாங்கள் எடுக்க எடுக்கப் புதிது முளைத்துக்கொண்டே இருக்கும்.