புதிய பிறழ்வுகளை இப்போதே எண்ணத் தொடங்குங்கள்

பச்சிளங்குழந்தை இரத்தப் பரிசோதனைத் திட்டங்களை நடத்தும் பொதுச் சுகாதாரத் துறையினருக்கு,

வணக்கம். பிறந்த ஓரிரு நாளில் குழந்தையின் குதிகால் ஓரத்தில் குத்தி, வடிதாளில் அச்சிட்ட வட்டங்களைச் சொட்டுச் சொட்டாக நிரப்பி, வெயில் படாமல் சில மணி நேரம் உலர்த்தி ஆய்வகத்துக்கு அனுப்புகிறீர்கள். உணவுப் புரதத்தின் ஒரு கூறை உடலால் உடைக்க முடியாத பிறவி நோயான ஃபீனைல்கீட்டோனூரியாவைக் கண்டறிய 1960களில் அமெரிக்க ஆய்வாளர் ராபர்ட் கத்ரி பரப்பிய முறை இது. எத்தனையோ குழந்தைகளை மூளைக் குறைபாட்டிலிருந்து காத்திருக்கிறது. அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அந்த இரத்தத்தில் நீங்கள் தேடாத ஒன்றைப் பற்றித்தான் எழுதுகிறேன்: பெற்றோர் இருவரிடமும் இல்லாமல் குழந்தையிடம் முதன்முதலாகத் தோன்றும் மரபணுப் பிறழ்வுகள்.

ஒவ்வொரு குழந்தையும் ஏறக்குறைய 60 முதல் 70 வரை இத்தகைய புதிய டி.என்.ஏ. எழுத்து மாற்றங்களோடு பிறக்கிறது. பெரும்பாலானவை எந்தத் தீங்கும் செய்வதில்லை. முக்கால் பங்குக்கும் மேல் தந்தையின் விந்தணு வழியே வருகின்றன. தந்தைக்கு ஒரு வயது கூடினால் இவற்றில் ஒன்றிரண்டு கூடுகின்றன. (எல்லாவற்றுக்கும் தாயின் வயதைக் குறைசொல்லும் உறவினர்கள் இதையும் காதில் போட்டுக்கொள்ளலாம்.) ஆகவே கதிர்வீச்சோ ஒரு ரசாயனமோ இந்த எண்ணிக்கையைக் கூட்டியதா என்று கேட்டால், அதற்கு முந்தைய ஆண்டுகளின் கணக்கும் பெற்றோரின் வயதும் கையில் இல்லாமல் யாராலும் பதில் சொல்ல முடியாது.

வெள்ளம் வருமுன் அணை கோல நமக்குத் தெரியவில்லை. ஹிரோஷிமாவிலும் நாகசாகியிலும் அமெரிக்க மரபியலாளர்கள் ஜேம்ஸ் நீலும் வில்லியம் ஷல்லும் குண்டு விழுந்த பிறகுதான் தொடங்கினார்கள். கருவுற்ற பெண்கள் கூடுதல் ரேஷனுக்காகப் பதிவு செய்துகொண்ட பட்டியலைக் கொண்டு, 1948 முதல் 1954 வரை 70,000க்கும் மேற்பட்ட பச்சிளங்குழந்தைகளைப் பரிசோதித்தார்கள். பெற்றோர் பெற்ற கதிர்வீச்சால் பிறவிக் குறைபாடுகள் தெளிவாகக் கூடியதாகத் தெரியவில்லை. 1986இல் செர்னோபில் அணு உலை வெடித்தது. பெற்றோரையும் பிள்ளையையும் சேர்த்து முழு மரபணுத்தொகுதியைப் படித்து, அங்கே கதிர்வீச்சுக்கு ஆளானவர்களின் 130 பிள்ளைகளிடம் புதிய பிறழ்வுகள் கூடவில்லை என்று சொன்ன ஆய்வு வெளிவந்தது 2021இல். நல்ல செய்திதான். ஆனால் 35 ஆண்டுகள் கழித்து வந்தது. அதற்குள் அஞ்சி அஞ்சியே ஒரு தலைமுறை வளர்ந்துவிட்டது.

இதற்காகக் கிடங்கில் இருக்கும் பழைய தாள்களைச் சத்தமில்லாமல் எடுத்துப் படித்துவிடாதீர்கள். முதலில், அது பயன்படாது: குழந்தையின் இரத்தத்தை மட்டும் பார்த்து எது புதியது, எது வழிவழியாக வந்தது என்று பிரிக்க முடியாது. தாய் தந்தை இருவரின் இரத்தமும் வேண்டும். அப்படி மூவரையும் ஒப்பிடும்போது, தந்தை என்று எழுதப்பட்டவர் தந்தையல்ல என்பதும் தெரிந்துவிடும். அதை யாரிடம் சொல்வது, சொல்லாமல் விடுவதா என்பதை முதல் சொட்டு எடுக்கும் முன்பே முடிவு செய்யுங்கள். சொல்லக் கூடாது என்பது என் கட்சி.

இன்னொன்று நம்பிக்கை. பெற்றோரின் சம்மதமின்றிச் சேமித்த 50 லட்சத்துக்கும் மேற்பட்ட மாதிரிகளை, 2009இல் தொடுக்கப்பட்ட வழக்கின் முடிவில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம் அழிக்க வேண்டியதாயிற்று. அந்நாட்டின் நியூ ஜெர்சி மாநிலத்தில், குழந்தையின் இரத்தத்தைப் பெற்றுத் தந்தை மீதான பழைய குற்ற விசாரணைக்குக் காவல்துறை பயன்படுத்தியது என்று 2022இல் வழக்கு வந்தது. இப்படிப்பட்ட செய்தியைப் படித்த தாய் குதிகால் பரிசோதனைக்கே மறுத்துவிட்டால், இழப்பு குழந்தைக்கு.

புதிய பிறழ்வுகளை எண்ணத் தொடங்க ஆண்டுதோறும் சில ஆயிரம் குடும்பங்கள் போதும். தனிச் சம்மதப் படிவம், பெயர் நீக்கிய மாதிரிகள், காவல்துறைக்கு எந்த நிலையிலும் தரமாட்டோம் என்ற சட்டப் பாதுகாப்பு, ஆண்டுக்கொருமுறை வெளியிடப்படும் எண்ணிக்கை இவ்வளவும் வேண்டும். இப்போதைக்கு, உங்கள் கிடங்கில் எந்த ஆண்டு முதல் தாள்கள் இருக்கின்றன, அவற்றை எடுத்துப் பார்க்க யாருக்கெல்லாம் அனுமதி உண்டு என்ற இரண்டை மட்டும் பொதுவில் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
வடிதாளில் இரத்தம் கொடுத்த குழந்தை ஒன்றின் பெற்றோர்