கணக்குக் காட்டாதவனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பொருளாளருக்கு,

இங்கு அனைவரும் நலம். இத்தனை நாள் பதில் எழுதாததற்குத் திட்டுவதென்றால், முழுவதும் படித்துவிட்டுத் திட்டு.

மகளுக்கு இவ்வாண்டு வரலாறு நடத்தும் ஆசிரியையைப் பற்றி உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நமக்கு வாய்த்தவர் நாற்காலியை விட்டு எழாமல் நோட்ஸ் சொல்லிக்கொண்டே போவார். நாமும் ஆண்டுகளை உருப்போட்டு, தேர்வு முடிந்த மாலையே மறந்தோம். இவரோ உத்திரமேரூர்க் கல்வெட்டின் வாசகத்தையே நகலெடுத்து மாணவர் கையில் கொடுத்துவிட்டார். முதலாம் பராந்தக சோழன் காலத்தில் 919இலும் 921இலும் பொறித்த விதிகள் அவை. ஊர் வேலைகளைக் கவனிக்கும் குழுவான வாரியத்துக்கு வர வேண்டிய வயது முன்னதில் 30 முதல் 60, பின்னதில் 35 முதல் 70. இரண்டே ஆண்டுகளில் விதியை மாற்ற வேண்டிய அளவுக்கு ஊரில் என்ன தகராறு நடந்திருக்கும் என்று கேட்டுவிட்டு, விடை சொல்லாமல் நின்றாராம்.

பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு ஆளைத் தேர்ந்த குடவோலை என்றதும் மார்தட்டிக்கொள்ளத்தானே நமக்குத் தெரியும்? அவர் வகுப்பு முழுவதையும் எழுந்து நிற்கச் சொல்லி, வயதை மட்டும் விட்டுவிட்டு, சொந்த மனையில் வீடு, வரி செலுத்தும் நிலம், வேதக் கல்வி எனத் தகுதிகளை ஒவ்வொன்றாகப் படித்து, இல்லாதவர்களை உட்காரச் சொல்லியிருக்கிறார். முடிவில் நின்றவர் ஒருவருமில்லை. அதற்காகக் கல்வெட்டை அவர் மட்டம் தட்டவும் இல்லை. பதவி வகித்தும் கணக்குக் காட்டாதவனோடு அவன் உறவினரையும் விலக்கி வைத்த விதியைப் படித்து, இதை இன்று எங்கெங்கே பொருத்தலாம் என்று கேட்டாராம். சுற்றுலா நிதிக்கு இன்றுவரை கணக்குக் காட்டாத ஒருவன் என் நினைவுக்கு வந்தான். உன் மைத்துனனும் தப்ப மாட்டான்.

பானையிலிருந்து ஓலை எடுக்கச் சிறுவனைத்தான் அழைத்தார்கள் என்று படித்துவிட்டு, சிறுமியை ஏன் அழைக்கவில்லை என்று மகள் இரவெல்லாம் என்னைக் குடைந்தாள். வரலாற்றுப் புத்தகத்தைத் தலையணையாக்கித் தூங்கியவள் அவள்.

கவலை என்னவென்றால், பாடம் முடியவில்லை, மதிப்பெண் போய்விடும் என்று பெற்றோர் சிலர் தலைமையாசிரியரிடம் மனுக் கொடுத்திருக்கிறார்கள். அவர்கள் அச்சத்தை நான் பழிக்கவில்லை. தேர்வில் கேட்கப்போவது ஆண்டையும் பெயரையும்தான். ஆனாலும் கேள்வி கேட்கப் பழகிய முப்பது பிள்ளைகளை மறுபடியும் நோட்ஸுக்கு ஒப்படைப்பதை என்னால் பொறுக்க முடியவில்லை. ஆசிரியைக்கு ஆதரவாக எதிர்மனு ஒன்று கொடுக்கப் போகிறேன். விடுதிக் காலத்தில் மனு எழுதியே வார்டனை வழிக்குக் கொண்டுவந்தவன் நீ. வரைவு ஒன்றை உடனே எழுதி அனுப்பு.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்