பருவ முடிவுக் கடிதம்: கண்காட்சி பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். இந்தப் பருவமும் ஓடிவிட்டது. தேர்வுகள் நல்லபடியாக முடிந்தன, விளையாட்டு விழாவில் எல்லா வகுப்புகளும் உற்சாகமாகக் கலந்துகொண்டன, பேச்சுப் போட்டியிலும் ஓவியப் போட்டியிலும் பிள்ளைகள் பரிசு வாங்கியிருக்கிறார்கள், நூலகத்துக்குப் புதிய புத்தகங்கள் வந்திருக்கின்றன. எல்லோருக்கும் வாழ்த்துகள். மதிப்பெண் அட்டைகளைக் கொடுத்தனுப்பியிருக்கிறோம், கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்புங்கள்.

சரி, இனி கண்காட்சிக்கு வருகிறேன்.

ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை உள்ளவர்களுக்கு நாங்கள் கொடுத்த வேலை சின்னதுதான். வீட்டில் சும்மா கிடக்கும் பொருளை எடுத்து வீட்டை அழகாக்கும் ஏதாவது ஒன்றைச் செய்து வர வேண்டும். காசு கொடுத்து வாங்குவதென்றால் பசை மட்டும். சுற்றறிக்கையில் இதைத் தடித்த எழுத்தில் போட்டிருந்தோம்.

அன்று காலை மேசை மேசையாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். அழகாக இருந்தன, அதை மறுக்க மாட்டேன். கொஞ்சம் அதிகமாகவே அழகாக இருந்தன. ஒரு கண்ணாடிப் பாட்டிலில் அடியிலிருந்து கழுத்து வரை சணல் கயிறு சுற்றியிருந்தது. ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் நடுவில் நகம்கூட நுழையாது, கயிற்றின் முனை எங்கே முடிகிறது என்று திருப்பித் திருப்பிப் பார்த்தும் எனக்குத் தெரியவில்லை. பக்கத்தில் நின்ற ஆறாம் வகுப்புப் பெண்ணிடம், "எங்கேருந்து சுத்த ஆரம்பிச்சே?" என்று கேட்டேன். பாட்டிலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "தெரியலை மிஸ், நான் தூங்கிட்டேன், அம்மாதான் ராத்திரி முழுக்கச் சுத்தினாங்க" என்றாள்.

அவளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, உண்மையைத்தானே சொன்னாள். ஆனால் அடுத்த மேசையிலும் அதற்கடுத்த மேசையிலும் கிட்டத்தட்ட இதே கதைதான். ஒரு சுவர் அலங்காரத்தின் பின்னால் கடையின் விலைச்சீட்டைக்கூடக் கிழிக்காமல் விட்டிருந்தார்கள். தெர்மாகோலில் வீடு செய்து ஸ்ப்ரே பெயிண்ட் அடித்த ஒரு அப்பா, கண் முன்னாலேயே கூரை உருகிக் குழி விழுந்த கதையைச் சொன்னார் (அந்தப் பெயிண்டில் இருக்கும் கரைப்பான் தெர்மாகோலைத் தின்றுவிடும், தெரியாதவர்கள் தெரிந்துகொள்ளுங்கள்). இரவோடு இரவாக இன்னொன்று வாங்கி மறுபடியும் செய்தாராம். அவருடைய பையன் அந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருந்தான் என்று நான் கேட்கவில்லை.

ஏன் இப்படி ஆகிறது என்று எனக்குப் புரியாமல் இல்லை. வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் யாரோ ஒருவர் பளபளவென்று ஒரு படத்தைப் போடுகிறார், அதைப் பார்த்ததும் நம் பிள்ளை செய்த கோணல்மாணல் புகைப்படச் சட்டத்தை என்னவோ செய்ய வேண்டும் போல் ஆகிவிடுகிறது. நானும் பிள்ளை வளர்த்தவள்தான். "நீ தள்ளு, நான் ஒட்டறேன்" என்று நானும் சொல்லியிருக்கிறேன்.

இப்போது அந்தக் கண்காட்சியிலேயே பார்க்கச் சகிக்காத பொருளைப் பற்றிச் சொல்கிறேன். ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் கொண்டுவந்த அட்டைப்பெட்டி அலமாரி. பழுப்பு நிறம், பெயிண்ட் இல்லை, பெட்டியில் அச்சடித்திருந்த 'இந்தப் பக்கம் மேலே' அம்புக்குறி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. இது எப்படிப் புத்தகத்தைத் தாங்கும் என்று நான் கேட்டதுதான் தாமதம், பத்து நிமிடம் விடவில்லை. முதல் முறை தட்டு நடுவில் தொய்ந்துவிட்டதாம், இரண்டாவது முறை இன்னொரு அட்டையை அதே மாதிரி மேலே ஒட்டியும் தொய்ந்ததாம். அப்புறம் அட்டையின் ஓரத்தை உற்றுப் பார்த்திருக்கிறான். இரண்டு தாளுக்கு நடுவில் அலை அலையாக ஒரு தாள் இருக்கிறதல்லவா, அந்த அலைகள் உண்டாக்கும் குழாய்கள் முன்னிருந்து பின்னாக ஓடினால் தட்டு அந்தக் கோட்டிலேயே மடங்குகிறது, இடமிருந்து வலமாக ஓடினால் நிற்கிறது. பக்கத்துச் சுவர்களுக்கோ குழாய்கள் செங்குத்தாக நிற்க வேண்டும். இதை யாரும் அவனுக்குச் சொல்லித் தரவில்லை, இரண்டு முறை தொய்ந்த அலமாரிதான் சொல்லித் தந்தது. அவனுடைய அம்மா அருகில் வந்து, "அசிங்கமா இருக்கு, பெயிண்டாவது அடிச்சுத் தரேன்னு சொன்னேன், விடவே மாட்டேன்னுட்டான்" என்று வருத்தப்பட்டார். விடாதது நல்லதாகப் போயிற்று.

இனி கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன், மன்னிக்கவும். அடுத்த பருவத்திலிருந்து வீட்டில் செய்து முடித்துக் கொண்டுவரும் எந்தப் பொருளையும் வாங்க மாட்டோம். வெள்ளிக்கிழமை மதியம் இரண்டு பாடவேளை ஒதுக்கியிருக்கிறோம், பிள்ளைகள் அங்கே அவர்கள் கையால் செய்வார்கள், எப்படி வருகிறதோ அப்படியே மேசையில் வைப்போம். கடையில் விற்கும் கிட் எதுவும் வகுப்புக்குள் வராது. குளூ கன் (பசைக் குச்சியைச் சூட்டில் உருக்கி ஒட்டும் கருவி), கட்டர் பிளேடு இவற்றில் எது பையில் இருந்தாலும் அலுவலகத்தில் வாங்கி வைத்துவிடுவோம், பெற்றோர் நேரில் வந்துதான் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். இந்த முறை ஒரு பிள்ளை ஆள்காட்டி விரலில் கொப்புளத்தோடு வந்தாள். தண்ணீர் கொதிப்பது 100 டிகிரியில், சில குளூ கன்களில் பசை 190 டிகிரி வரை போகும், போதாததற்குச் சொட்டினால் தோலிலேயே ஒட்டிக்கொண்டு சுடும். காகித விளக்குக்குள் ஏற்றுவதற்கென்று மெழுகுவர்த்தி வைத்து அனுப்பியவர்களும் உண்டு. காகிதத்துக்குள் நெருப்பா? பேட்டரியில் எரியும் சின்ன எல்இடி விளக்கு போதும். "இந்த ஒரு தடவை மட்டும் மிஸ்" என்று யாரும் போன் செய்ய வேண்டாம்.

அப்படியானால் நாங்கள் என்னதான் செய்வது என்று கேட்பீர்கள். நிறைய இருக்கிறது. சேர்த்து வையுங்கள். காலியான பாட்டிலை வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறப் போட்டால் லேபிள் கழன்று வரும், மிச்சமிருக்கும் பிசுபிசுப்பில் எண்ணெயும் சோடா மாவும் குழைத்துத் தேய்த்தால் போய்விடும். தகர டப்பாவின் விளிம்பை இடுக்கியால் உள்பக்கம் மடக்கி அழுத்திவிட்டு, ஒரு துண்டுப் பஞ்சை விளிம்பு முழுக்க ஓட்டிப் பாருங்கள், எங்கே நார் சிக்குகிறதோ அங்கே இன்னும் கூர் இருக்கிறது. இந்த இரண்டும் பெரியவர்கள் செய்ய வேண்டிய வேலை. துணித் துண்டுகள், அறுந்த பொத்தான்கள், பழைய செய்தித்தாள், ஷூ வந்த பெட்டி எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு அனுப்புங்கள். பசைக்கு வெள்ளைப் பசையே போதும், ஆனால் அது முழுதாகக் காய ஒரு நாள் பிடிக்கும், அதனால் முந்தைய இரவு பத்து மணிக்கு ஆரம்பிக்கிற வேலைக்கு அது ஒத்துவராது. உங்களில் பலர் குளூ கன்னைத் தேடிப் போனதற்குக் காரணம் இதுதான் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

இன்னொரு வேண்டுகோள். பிள்ளை செய்ததை வீட்டில் மாட்டுங்கள். பரணில் போடாதீர்கள். கண்காட்சிக் கூடங்களில் படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து சுமார் 145 செ.மீ. உயரத்தில் வருமாறு மாட்டுவது வழக்கம், அது பெரியவர்களின் கண்மட்டம். செய்தவர் அவ்வளவு உயரம் இல்லையென்றால் கீழே இறக்கி மாட்டுங்கள். வண்ணக் காகிதம் என்றால் நேர் வெயில் படாத சுவராகப் பாருங்கள், சாயம் வெளுத்துவிடும்.

நன்றி சொல்லவும் நிறைய இருக்கிறது. பழைய துணியும் பெட்டியும் கொண்டுவந்து குவித்தவர்களுக்கு நன்றி. செய்தித்தாளை ஒரு மூலையிலிருந்து சாய்வாகக் கம்பியில் உருட்டிக் குழலாக்கி, ஒன்றின் வாயில் இன்னொன்றைச் செருகி நீட்டிக் கூடை பின்ன எட்டாம் வகுப்புக்குக் கற்றுக்கொடுத்த பாட்டிக்குத் தனி நன்றி. கடைசிவரை ஒரு குழலைக்கூட அவர் தொடவில்லை, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து வாயால் மட்டும் சொன்னார். சணல் கயிறு சுற்றிய அம்மாவுக்கும் நன்றி, கேலிக்குச் சொல்லவில்லை. முதல் வெள்ளிக்கிழமை வகுப்புக்கு வந்து, முனையை எப்படி மறைத்தீர்கள் என்று பிள்ளைகளுக்கும் எனக்கும் காட்டித் தர வேண்டும்.

கண்காட்சிப் பொருட்கள் முன் வராந்தாவில் இருக்கின்றன, விடுமுறைக்கு முன் எடுத்துச் செல்லுங்கள். அட்டை அலமாரியை மட்டும் அங்கே தேட வேண்டாம். வருகைப் பதிவேடுகளைச் சுமந்துகொண்டு என் அறையில் நிற்கிறது, அடுத்த பருவம் வரை அதன் சொந்தக்காரர் எனக்குக் கடன் கொடுத்திருக்கிறார்.

அன்புடன்,
தலைமையாசிரியை