ஷராவதிக்குக் கைகொடுத்தவர்களுக்கு நன்றி

அன்பு நண்பர்களே,

கர்நாடகத்தில் ஷராவதி ஆற்று அணையின் பின்நீரில், விண்வெளி ரேடியோ அலைகளைக் கேட்க மிதக்கவிட்ட எங்கள் ஆன்டெனா பத்திரமாகக் கரையேறிவிட்டது. கரையோர ஊர்க்காரர்களுக்குக் கன்னடத்தில் தனியாக எழுதிவிட்டோம். இது தமிழ்நாட்டிலிருந்து வந்து உதவியவர்களுக்கு.

ஏன் அத்தனை தூரம், அதுவும் தண்ணீர் மேல் என்று பலரும் கேட்டீர்கள். முதல் விண்மீன்கள் பிறந்த காலத்து ஹைட்ரஜனின் ரேடியோ அலை, பிரபஞ்சம் விரிய விரிய நீண்டு, இன்று 50 முதல் 200 மெகாஹெர்ட்ஸ் பக்கம் வந்து சேர்கிறது. நட்டநடுவே 88லிருந்து 108 வரை எஃப்எம் வானொலி உட்கார்ந்திருக்கிறது; அதனால்தான் ஊர்களை விட்டு அத்தனை தூரம். மலை மறைத்தாலும் அந்த எஃப்எம் அலை விமானத்தில் பட்டுத் திரும்பி வந்துவிடும். தரையில் வைத்தால் பாறையும் மண்ணடுக்கும் எதிரொலித்துக் குழப்பும். ஆழமான நன்னீரில் அந்தத் தொல்லை குறைவு. ராமன் ஆராய்ச்சி நிலையத்தின் சரஸ் 3 கருவி 2020இல் இதே நீரில் மிதந்தது. ஆஸ்திரேலியாவில் எட்ஜஸ் என்ற கருவி கண்டதாக 2018இல் சொன்ன 78 மெகாஹெர்ட்ஸ் பள்ளத்தை (அந்த ஹைட்ரஜனின் தடயம் என்று கருதப்பட்ட அலைச் சரிவை) அந்தத் தரவை வைத்துத்தான் 2022இல் மறுத்தார்கள். அந்த வழியில் போகும் சின்னக் குழு நாங்கள்.

சேலத்துத் தச்சர் அண்ணனுக்கு முதல் நன்றி. ஆன்டெனாவுக்கு அருகே இரும்பு கூடாது என்றதும், "ஆணி இல்லாமல் மிதவையா?" என்று சிரித்தார். அப்புறம் நைலான் போல்ட்டும் கயிறும் வைத்து அசையாமல் கட்டிக் கொடுத்தார். லாரி ஓட்டி வந்த தம்பி, தன் செல்போன் சார்ஜர்கூட ரேடியோ இரைச்சல் போடும் என்று தெரிந்ததும் அதைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டார்.

ஓசூர் ஹாம் ரேடியோ (பொழுதுபோக்கு வானொலி) நண்பர்களுக்கு என்ன சொல்வது! நொடிக்கொரு 'டக்' என்று பதிவில் விழுந்த கோட்டின் மூலம் எங்களுக்குப் பிடிபடவே இல்லை. நீங்கள் கையில், அலை வரும் திசையைக் காட்டும் யாகி ஆன்டெனாவோடு வரப்பு வரப்பாக நடந்து, ஒரு நெல்வயலின் மின்வேலிப் பெட்டியில் போய் நின்றீர்கள். வயல்காரர் இரவில் அணைக்கச் சம்மதித்தார். ஆனால் காட்டுப்பன்றி வருமே? நீங்களே முறைபோட்டு, தகரத்தட்டைத் தட்டிக்கொண்டு காவல் இருந்தீர்கள். எல்ஈடி டார்ச்சும் இரைச்சல் தரலாம் என்று பழைய குண்டு பல்பு டார்ச்சைத் தேடிக் கொண்டுவந்தீர்களே, அந்த அக்கறை எங்கள் ஆய்வகத்தில்கூடக் கிடைக்காது.

தரவைச் சலிக்கும் வேலை இப்போதுதான் தொடங்கியிருக்கிறது. வேலி அணைந்த இரவின் வரைபடத்தை மட்டும் முதலில் அச்சிட்டு உங்கள் முகவரிகளுக்கு அனுப்புகிறோம். மழை ஓய்ந்ததும் மறுபடி போகிறோம். வர முடிந்தவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், படகில் இடம் குறைவு.

நன்றியுடன்,
மிதவை ஆன்டெனாக் குழு, பெங்களூரு