வேலப்பன் செத்தது செத்ததாகவே இருக்கட்டும்

நம் நூலகமான வாயனசாலையின் கமிட்டித் தலைவர், செயலாளர் மாஷ், உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் நம் மாடி அறையில் பிள்ளைகளுக்குக் கதை ஆட்டம் நடத்துவது நான்தான். ஒரு புகார் வந்ததும், இனி அந்த ஆட்டத்தில் எந்தக் கதாபாத்திரமும் சாகக் கூடாது என்று நீங்கள் எடுத்த முடிவை நோட்டீஸ் பலகையில் பார்த்தேன். அதைத் தயவுசெய்து திரும்பப் பெறுங்கள். பிள்ளைகளின் பெற்றோரும் படிக்கட்டும் என்றுதான் இதை எல்லோருக்குமான மடலாக எழுதுகிறேன்.

ஆட்டம் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் சேர்ந்து வெளியிட்ட டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்தான் இந்த வகை ஆட்டங்களுக்கெல்லாம் மூத்தது. ஒருவர் கதை நடத்துவார், மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகிப் பேசி ஆடுவார்கள். முடிவு தெரியாத இடத்தில் பகடையை உருட்ட வேண்டும். நாங்கள் இதே கொல்லங்கோட்டு மலையையும் பனந்தோப்பையும் வைத்து ஆடுகிறோம்.

புகாருக்குக் காரணமான வேலப்பன் ஒரு பன்னிரண்டு வயதுப் பையனின் பாத்திரம். எட்டு மாதம் ஆடி வளர்த்தது. அன்று பூதப்படை துரத்த, கயிற்றுப் பாலத்தின் இந்தக் கரையில் வேலோடு நின்றுகொண்டு, 'நீங்க தாண்டிட்டு கயிற அறுத்துருங்க' என்று கூட்டாளிகளை அனுப்பிவிட்டான். ஓடியிருந்தால் பிழைத்திருப்பான், அது அவனுக்கும் தெரியும். அடிபட அடிபடக் குறையும் உயிர்ப்புள்ளி பூஜ்யத்துக்கு வந்தது. அதற்கப்புறம் விதி இதுதான்: ஒவ்வொரு முறையும் இருபது முகப் பகடையை உருட்ட வேண்டும். பத்தோ அதற்கு மேலோ விழுந்தால் நல்லது. மூன்று நல்லது வந்தால் உயிர் தங்கும், மூன்று கெட்டது வந்தால் போய்விடும்.

முதலில் பதினான்கு. அப்புறம் ஆறு. அப்புறம் ஒன்பது. பையன் பகடையைச் சட்டையில் துடைத்துக்கொண்டான். மருத்துவச்சியாக ஆடும் பெண், 'நான் திரும்பிப் போறேன்' என்று எழுந்தே விட்டாள். கயிறுதான் அறுந்துவிட்டதே. நான்காவது முறை விழுந்தது மூன்று. அறையில் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. அவன் கொஞ்ச நேரம் பகடையையே பார்த்துவிட்டு, 'சரி. அக்கா, என் வேல அதுங்க கையில கிடைக்கக் கூடாது. ஆத்துல விழுந்ததா வெச்சுக்கலாமா?' என்று கேட்டான்.

எனக்குப் புல்லரித்துவிட்டது. நம் பாலக்காட்டு பகவதி கோயில்களின் கூத்துமாடத்தில், அதாவது கூத்துக்கென்றே கட்டிய மேடையில், தோல்பாவைக்கூத்து பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. அங்கே பாடும் கம்பன் பாட்டில் மூக்கறுந்து கிடக்கும் கும்பகர்ணன் ராமனிடம் அதைத்தானே கேட்கிறான்? இந்த முகத்தை யாரும் பார்க்க வேண்டாம், தலையை அறுத்துக் கடலில் போட்டுவிடு என்று. விபீஷணனையும் காப்பாற்றச் சொல்கிறான். சாகும் நேரத்தில் ஒருவன் எதைக் கேட்கிறான் என்பதில்தான் அவன் யாரென்று தெரிகிறது. அந்தப் பையன் கூத்துப் பார்த்ததே இல்லையாம். கேட்டுவிட்டேன்.

மறுவாரம் பிள்ளைகள் ஒரு மூங்கில் குச்சியை எடுத்துக்கொண்டு போய் சோகநாசினி ஆற்றில் விட்டார்கள். ஒரு பெண் கைக்குட்டையில் எள் முடிந்து கொண்டுவந்திருந்தாள். அதைப் பார்த்த பெரியவர் ஒருவர், உயிரோடிருக்கும் பிள்ளைகள் கருமாதி விளையாடுவது அபசகுனம் என்று உங்களிடம் சொல்லியிருக்கிறார். அவர் பதறியது எனக்குப் புரிகிறது. ஆனால் அங்கே யாரும் விளையாட்டாகச் செய்யவில்லை. துயரம் தீர்ப்பவள் என்று பேர் வைத்திருக்கிறோமே ஆற்றுக்கு, பிள்ளைகள் அந்தப் பேரை நம்பிப் போனார்கள்.

உங்கள் கவலையில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். மோசமான சாவு உண்டு, நானே ஒன்று செய்திருக்கிறேன். ஆரம்பத்தில் ஒரு சிறுமியின் பாத்திரம் முதல் அரை மணி நேரத்திலேயே குழியில் விழுந்து செத்தது. 'பரவால்ல, வேற ஒண்ணு எழுதிக்கோ' என்று தாளை நீட்டினேன். அவள் இரண்டு வாரம் வரவில்லை. குழி இருப்பதை அவள் ஊகிக்க நான் ஒரு வழியும் வைக்கவில்லை, சாவுக்கு ஒரு நிமிடம் ஒதுக்கவுமில்லை. தப்பு என்னுடையது.

அதற்கப்புறம்தான் முறையை மாற்றினேன். இப்போது முதல் நாளே உட்கார்ந்து எது வரலாம், எது வரவே கூடாது என்று பேசிக்கொள்கிறோம். நோயில் கிடந்து சாகிறது வேண்டாம் என்று ஒருவன் சொன்னான். அவன் வீட்டில் என்ன நடந்தது என்று உங்களில் சிலருக்குத் தெரியும். இன்றுவரை எங்கள் கதையில் யாரும் நோயில் கிடந்ததில்லை. மேசை நடுவில் பெருக்கல் குறி போட்ட அட்டை ஒன்று இருக்கிறது. ஜான் ஸ்டாவ்ரோபுலஸ் என்பவர் கொண்டுவந்த வழக்கம் அது. யார் அதைத் தொட்டாலும் அந்தக் காட்சியை அப்படியே விட்டுவிடுவோம், காரணம் கேட்க மாட்டோம். வேலப்பன் செத்த அன்று யாரும் அதைத் தொடவில்லை.

செத்தவரை எழுப்ப ஆட்டத்தில் மந்திரம் இருக்கிறதே என்று செயலாளர் மாஷ் கேட்டாராம். இருக்கிறது. செத்து ஒரு நிமிடத்துக்குள், முந்நூறு பொற்காசு பெறும் வைரம் கையில் இருந்தால் எழுப்பலாம், வைரம் கரைந்துபோகும். எங்களிடம் அது இல்லை. பிரம்மாஸ்திரத்தில் விழுந்த லட்சுமணனும் வானரப்படையும் எழுந்தார்கள் என்றால், அனுமன் போய் மருந்துமலையையே பெயர்த்துக்கொண்டு வந்ததால் எழுந்தார்கள். சும்மா எழவில்லை. ஜடாயுவோ எழவே இல்லை. ராமன் அவருக்கு மகனாக நின்று கடன் செய்தான்.

உங்கள் முடிவை மதித்துப் போன ஞாயிறு சாவில்லாமல் ஆடிப் பார்த்தோம். பத்தே நிமிடத்தில் ஒருவன் மலை உச்சியிலிருந்து குதித்தான், இன்னொருத்தி தீக்குள் நடந்தாள். யாரும் யாரையும் காப்பாற்றவில்லை, காப்பாற்ற அவசியமும் இல்லை. ஒரு மணி நேரத்தில் ஒரு பையன் போனை எடுத்துக்கொண்டான். வேலப்பனைத் திருப்பி வரவழைக்கலாம் என்று ஒருத்தி சொன்னபோது அவனை ஆடிய பையனே, 'வேண்டாம், அப்புறம் நான் பாலத்துல நின்னது என்னத்துக்கு?' என்றான்.

தாரிகன் என்ற அசுரனோடு போரிட்டுக்கொண்டிருந்த பகவதி ராம-ராவண யுத்தத்தைப் பார்க்க முடியாமல் போனாள், அவளுக்காகத்தான் தோல்பாவைக்கூத்து என்பது ஐதீகம். கீழே ஒரு ஆள் இல்லாவிட்டாலும் இருபத்தொரு விளக்கை ஏற்றிவைத்து விடியவிடிய நடத்துகிறார்கள். அவளுக்குக்கூட யாரும் சாவை மறைத்துக் கதை சொல்வதில்லை.

ஒரே ஒரு ஞாயிறு, கமிட்டியில் யாராவது இருவர் வந்து எங்களோடு உட்காருங்கள். முடிவை அதற்கப்புறம் எடுங்கள். அதுவரை அந்த நோட்டீஸ் மட்டும் வேண்டாம். வேலப்பனின் விவரம் எழுதிய தாளைப் பிள்ளைகள் பீரோவில் நம் பழைய வரவேட்டுக்குள் வைத்திருக்கிறார்கள், எடுத்துப் பாருங்கள். பையன் புதுப் பாத்திரம் எழுதிவிட்டான். வேலப்பனின் தங்கை. ஆற்றில் விழுந்த வேலைத் தேடி வருகிறாள். ஆற்றில் முதலை உண்டு என்று அவனிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டேன். தெரியும் என்றான்.

இப்படிக்கு,
மாடி அறைக் கதைக்கார அக்கா