மழுங்கிய பென்சில்

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வந்தது. பேரனுக்குக் காய்ச்சல் விட்டதா? இங்கே அமெரிக்காவின் அட்லாண்டாவில் பள்ளி திறந்து இரண்டு மாதமாகிறது. இரண்டாம் வகுப்பில் உதவி ஆசிரியையாக இருக்கிறேன். கறுப்பினப் பிள்ளைகள், வெள்ளைக்காரப் பிள்ளைகள், ஸ்பானிய மொழி பேசும் பிள்ளைகள் எல்லோரும் ஒரே அறையில்.

போன செவ்வாய்க்கிழமை நடந்ததை உன்னிடம்தான் சொல்ல முடியும். பென்சில் சீவ இரண்டு பையன்கள் ஒன்றாக எழுந்தார்கள். நான் பெயர் சொல்லி அதட்டியது கறுப்பினப் பையனை மட்டும். அவன் பேசாமல் திரும்பி வந்து, மழுங்கிய முனையாலேயே அழுத்தி அழுத்தி எழுதினான். தாள் கிழிந்துவிட்டது.

யேல் பல்கலைக்கழகத்தின் 2016ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று இருக்கிறது. மழலையர் பள்ளி ஆசிரியர்களுக்கு நான்கு குழந்தைகள் இருக்கும் காணொளியைக் காட்டி, யார் குறும்பு செய்யப் போகிறார்கள் என்று கவனிக்கச் சொன்னார்கள். அதில் குறும்பு எதுவுமே கிடையாது. ஆனாலும் கறுப்பினச் சிறுவன்மேல்தான் கண்கள் அதிக நேரம் நின்றன. கறுப்பின ஆசிரியர்களின் கண்களும்தான். அதைப் படித்தபோது மற்றவர்களைப் பற்றியது என்று நினைத்திருந்தேன்.

கறுப்பினப் பிள்ளைகளையும் வெள்ளையினப் பிள்ளைகளையும் தனித்தனி அரசுப் பள்ளிகளில் பிரித்து வைப்பது சட்டத்துக்கு எதிரானது என்று சொன்ன அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் 1954ஆம் ஆண்டுத் தீர்ப்பைப் பயிற்சிக் கல்லூரியில் படித்தோமே, அதன் மறுபக்கத்தை யாரும் நமக்குச் சொல்லவில்லை. கறுப்பினப் பிள்ளைகள் வெள்ளையர் பள்ளிகளுக்குள் வந்தார்கள், அவர்களுடைய ஆசிரியர்களுக்கு அங்கே இடமில்லை. 1965க்குள் 17 மாநிலங்களில் சுமார் 38,000 கறுப்பின ஆசிரியர்களும் தலைமை ஆசிரியர்களும் வேலை இழந்தார்கள். பிள்ளையின் வீடு வாசல் தெரிந்தவர்கள் அவர்கள். டென்னசி மாநிலத்தில் மூன்றாம் வகுப்புக்குள் ஒரு கறுப்பின ஆசிரியரிடமாவது படித்த கறுப்பினப் பிள்ளைகள் கல்லூரியில் சேரும் வாய்ப்பு 13 சதவீதம் கூடியிருந்ததாக ஆய்வாளர்கள் கண்டார்கள். இழந்தது எவ்வளவு என்று இதிலிருந்தே யோசித்துப் பார்.

மறுநாள் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லை டீச்சர்" என்று சட்டென்று சொல்லிவிட்டான். ஏழு வயதுப் பிள்ளைக்கு இது பழகிப்போயிருக்கிறதே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

இப்போது யாரை எதற்காக அதட்டினேன் என்று தினமும் ஒரு நோட்டில் குறித்துவைக்கிறேன். நேற்று ஐந்து முறை. மூன்று முறை அவன் பெயர்.

அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்.

உன் தோழி