பழைய மோட்டார் சைக்கிள் சங்கம், பொலோன்யா: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர், பொருளாளர், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

செயற்குழு இந்த ஆண்டு ஐந்து முறை கூடியது. மே மாதம் ஃபூட்டா கணவாய்க்குப் போனோம். 903 மீட்டர் உயரத்தில் மழை பிடித்துக்கொண்டதால் சீக்கிரமே திரும்பினோம். செப்டம்பரில் இமோலா பந்தயத் திடலில் நடந்த பழைய பாகங்கள் சந்தையில் மேசை போட்டோம். டிசம்பர் விருந்து நன்றாக நடந்தது.

அடுத்து, நம் பட்டறையில் சீர்செய்துவரும் பழைய டுகாட்டி ஸ்க்ராம்ப்ளர் வண்டி. இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது. "அமெரிக்காக்காரன் கேட்டுச் செய்த வண்டிக்கு நம் பணம் எதற்கு?" என்று சென்ற பொதுக்குழுவில் ஒரு உறுப்பினர் கேட்டார். அன்று நேரமில்லை, நான் சரியாகப் பதில் சொல்லவில்லை.

கேட்டது அமெரிக்காதான், மறுக்கவில்லை. நியூ ஜெர்ஸியில் டுகாட்டி வண்டிகளை இறக்குமதி செய்துவந்த பெர்லினர் சகோதரர்களுக்கு, அங்கே மண் பாதையில் ஓட்டும் இளைஞர்களுக்கு ஏற்ற வண்டி ஒன்று தேவைப்பட்டது. 1962இல் டுகாட்டிக்காரர்கள் தங்கள் டயானா 250 வண்டியை எடுத்து, அகலமான ஹேண்டில்பார், சின்ன டேங்க், முரட்டு டயர் போட்டு அனுப்பினார்கள். ஆனால் அதைச் செய்தது நம் ஊர் போர்கோ பனிகாலேயில் இருக்கும் டுகாட்டி தொழிற்சாலை. 1926இல் ரேடியோ பாகங்களுக்காகத் தொடங்கி, 1944இல் குண்டுவீச்சில் நாசமாகி, போர் முடிந்தபின் சைக்கிளில் மாட்டும் குச்சோலோ எஞ்சினை நம்பி எழுந்த நிறுவனம் அது. அந்தச் சம்பளத்தில் வளர்ந்தவர்கள் நம் சங்கத்திலேயே இருக்கிறார்கள். எஞ்சினை வடிவமைத்தவர் பொறியாளர் ஃபாபியோ தலியோனி. பக்கத்து லூகோவில் பிறந்து 1954இல் டுகாட்டிக்கு வந்தவர். இதை அந்நிய வண்டி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 1968இல் கிராங்க் கேஸை (எஞ்சினின் அடிப்பெட்டியை) அகலப்படுத்திய புது வரிசை வந்ததும் நம் ஊர்ப் பையன்களும் இதை வாங்கினார்கள். 2014இல் டுகாட்டி மறுபடியும் இதே பெயரில் புது வண்டி கொண்டுவந்தபோது, பழைய வண்டியின் மஞ்சள் நிறத்தைத்தான் முன்னால் நிறுத்தியது.

நம்முடையது 1969ஆம் ஆண்டு 450. மறைந்த உறுப்பினர் ஒருவரின் குடும்பம் கொடுத்தது. பல வருடம் வைக்கோல் கொட்டகையில் கிடந்ததால் டேங்க்குக்குள் துரு, கார்புரேட்டர் முழுக்கப் பிசின். பேர்தான் 450, சிலிண்டரின் உள்விட்டம் 86 மி.மீ., பிஸ்டன் நகரும் தூரம் 75 மி.மீ., கணக்குப் போட்டால் 436 சிசிதான் வரும்.

இந்த எஞ்சினில் வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்டைச் சுழற்றுவது செயின் இல்லை. கிராங்க்கிலிருந்து ஹெட் வரைக்கும் வலப்பக்கம் நிமிர்ந்து நிற்கும் ஒரு ஷாஃப்ட். அதன் இரண்டு முனையிலும் பெவல் கியர்கள், அதாவது கூம்பு வடிவப் பல்சக்கரங்கள். அந்தப் பற்களுக்கு நடுவே விட வேண்டிய இடைவெளியைக் ஷிம் எனும் காகிதம் போன்ற மெல்லிய தகடுகளை வைத்துத்தான் சரிசெய்ய முடியும். மாட்டி, சுற்றிப் பார்த்து, கழற்றி, ஷிம் மாற்றி, மறுபடியும் மாட்டவேண்டும். இறுக்கிவிட்டால் ஊளையிட்டுத் தேயும், தளர்ந்தால் கடகடக்கும். ஒருவர் கிராங்க்கைச் சுற்ற, இன்னொருவர் கவனித்துச் செய்ய வேண்டிய வேலை இது.

அதற்காகத்தான் பன்னிரண்டு சனிக்கிழமைகளுக்குப் பெயர்ப் பட்டியல் போட்டேன். ஒன்பது பேர் பெயர் எழுதினார்கள். தவறாமல் வந்தவர் ஒரே ஒருவர், தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற நம் மூத்த உறுப்பினர். எழுபத்தெட்டு வயதில் பஸ் பிடித்து வருவார். திருப்புளியின் முனையை எஞ்சினில் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்டு, "இன்னும் ஒரு ஷிம் எடுங்க" என்பார். அவர் சொன்னது ஒருமுறைகூடத் தப்பவில்லை. மற்ற எட்டுப் பேரில் வர முடியாது என்று சொன்னவர் இருவர்தான். மீதிப் பேருக்காகக் காலை ஒன்பது மணியிலிருந்து காத்திருந்த நாட்கள் உண்டு. இதை வருத்தத்தோடுதான் எழுதுகிறேன்.

நவம்பர் இரண்டாவது சனிக்கிழமை, கிக்கரை இடது காலால் ஏழாவது தடவை மிதித்ததும் எஞ்சின் பிடித்துக்கொண்டது. மூத்தவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். நாங்கள் இருவரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. அந்தச் சத்தத்தை நீங்களும் கேட்டிருக்க வேண்டும்.

கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். மொத்தத்தில் வரவுக்கும் செலவுக்கும் பெரிய வித்தியாசமில்லை, கையிருப்பு சென்ற ஆண்டைவிடக் குறைவு. ஸ்க்ராம்ப்ளருக்குப் போனது நினைத்ததைவிடக் கூடுதல்தான். வெளியே குரோம் பூசக் கொடுத்த மட்கார்டு நெளிந்து வந்ததால், வேறு வாங்கவேண்டியதாயிற்று. அந்த ரசீதுகள் எல்லாம் என்னிடம் இருக்கின்றன, யாரும் பார்க்கலாம். ஆனால் நாற்பத்தோரு உறுப்பினர்களில் பதினாறு பேர் இன்னும் சந்தா கட்டவில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அந்தப் பதினாறு சந்தா வந்திருந்தால் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது.

தலைவருக்கும் பொருளாளருக்கும், பட்டறைக்குக் குறைந்த வாடகை வாங்கும் உரிமையாளருக்கும், விருந்து சமைத்த குடும்பங்களுக்கும் நன்றி.

வரும் ஆண்டில் பிரேக் ஷூ, முன் ஃபோர்க், 6 வோல்ட் வயரிங் மூன்றும் பாக்கி. முடிந்தால் மே மாதம் வண்டி ஃபூட்டா ஏறும். பட்டறை வாடகை மார்ச்சில் புதுப்பிக்க வேண்டும், அதற்குள் சந்தா வந்து சேரவில்லை என்றால் வண்டியை எங்கே நிறுத்துவது என்று எனக்குத் தெரியவில்லை. செயலாளர் பொறுப்பை வேறு யாராவது ஏற்க முன்வந்தால் மகிழ்ச்சியோடு கொடுப்பேன். சனிக்கிழமை வேலையை மட்டும் என்னிடமே விட்டுவிடுங்கள். வயரிங் தெரிந்தவர்கள் இரண்டு பேர் வந்தால் போதும். ஒன்பது மணிக்குக் கதவு திறந்திருக்கும்.

செயலாளர்